ஓட்டு

கயிற்றை இழுத்தேன்.
சரக்கென்று வந்து சுருண்டு திரும்பியது.
ஓர் இருமல்கூட இல்லை.

மரோவோ காயலில் நீர் வற்றும் நேரம்.
கடைசித் தீவின் துறையிலிருந்து
துடுப்பால் தள்ளிவந்து நூறு முழம் இருக்கும்.
படகில் நாங்கள் மூன்று பேர்,
அப்புறம் பெட்டி.

நூற்றுப் பதினேழு ஓட்டு உள்ளே.
நீல மூடி, நான்கு முத்திரை.
பொழுது சாய்வதற்குள் செகேயில்
கப்பலேற்ற வேண்டும்.
தேர்தல் அதிகாரி வேகோ,
மற்ற நாட்களில் கணக்கு வாத்தியார்,
கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணெடுக்காமல்
"ஓட்டு நெஸ்டா, ஓட்டு" என்கிறார்.
ஓட்டெல்லாம் உங்கள் பெட்டியில் இருக்கிறது ஐயா,
இங்கேதான் ஓட்டமில்லை.

யமஹா, நாற்பது குதிரை, இரண்டு சிலிண்டர்.
எண்ணெய்க் கலப்பு நான் போட்டது,
ஐம்பதுக்கு ஒன்று, காலையில், என் கையால்.
டின் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறது.
குழாய் இரண்டு முனையிலும் கவ்வியிருக்கிறது.
ரப்பர்க் குமிழைக் கல்லாகும்வரை அழுக்கினேன்.
சோக்கை இழுத்தேன், கயிற்றை இழுத்தேன்,
இழுத்தேன்,
தோள்பட்டை என்னைப் பேர் சொல்லித் திட்டும்வரை.

"வெயிலில் சூடாகியிருக்கும்" என்றார் கான்ஸ்டபிள் ரிமு.
அவர் தீவில் சைக்கிள்கூடக் கிடையாது.
"ஒரு ஜெபம்..." என்று தொடங்கினார் வேகோ.
நான் எஞ்சின் மூடியைக் கழற்றினேன்.

பெட்ரோல் குப்பென்று அடித்தது.
இரண்டு பிளக்கும்
மழையில் நின்ற கோழிகள் மாதிரி நனைந்திருந்தன.
ஆக, பசி இல்லை. குடித்திருக்கிறது, அளவுக்கு மேலேயே.
வாசனையைக் காற்று கொண்டுபோகும்வரை காத்திருந்து,
சட்டை நுனியில் துடைத்து, வயரில் மாட்டி,
வெற்று உலோகத்தில் சாய்த்துவைத்து
ரிமுவிடம் சொன்னேன்: இழுங்கள்.
கைகளைக் குவித்து நிழல் கட்டிப் பார்த்தேன்.
எறும்பளவு நீலம், ஒரு சொடுக்கு,
வர வேண்டும்.
வரவில்லை.
மற்றதிலும் வரவில்லை.

ஒன்று செத்தால் வியாதி.
இரண்டும் ஒரே நொடியில் செத்தால்
யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்.

கண் சிவப்புப் பொத்தானுக்குப் போனது.
கழுத்தில் ஒன்றுமில்லை.

ஓட்டுகிறவள் மணிக்கட்டில் மாட்டும் சிவப்புச் சுருள்வடம் அது.
நான் கடலில் விழுந்தால்
கொக்கியையும் பிடுங்கிக்கொண்டு கூட வரும்,
எஞ்சின் அணைந்துவிடும்.
துறையில் அணைத்தபோது
உருவிப் பலகைமேல் எறிந்தது நான்தான்.
எங்கே?

பெட்டியின் கைப்பிடியில்.
இரண்டு சுற்று, ஒரு வாத்தியார் முடிச்சு,
முடிச்சின்மேல் அவரே ஒட்டிய ஐந்தாவது முத்திரை.
மறுநுனிக் கொக்கி படகின் விலாவில் ஓர் ஆணியில்.
"அலையில் விழுந்துவிடக் கூடாதே என்றுதான்..."

அவிழுங்கள் என்றேன்.
முத்திரை இட்டதை
எண்ணும் மேசைவரை யாரும் தொடக்கூடாதாம்,
விதி பதினொன்றோ பன்னிரண்டோ.
ரிமு நோட்டுப்புத்தகத்தை எடுத்தார்.
அறுக்கட்டுமா என்றேன்.
சாட்சிக் கையெழுத்து யார் போடுவது என்றார்.
நீரோட்டம் எங்களைக்
கொஞ்சம் கொஞ்சமாகப் பவளத்திட்டின் பற்களுக்குப்
பரிமாறிக்கொண்டிருந்தது.

கடைசியில் பெட்டியைத் தூக்கினோம்.
மூன்று பேரும், நிறைமாதக்காரியைத் தாங்குவதுபோல்,
பின்பலகையில் என் பக்கத்தில் உட்காரவைத்தோம்.
கொக்கி பொத்தானுக்கு எட்டியது, மட்டுமட்டாக.

பிளக் இல்லாமல் ஆறு இழுப்பு,
குடித்ததைக் கக்கட்டும் என்று.
பிறகு திருகி இறுக்கி, சோக்கைத் தொடாமல்
இழுத்தேன்.
இருமியது. இன்னொரு முறை.
நீலப் புகை முகத்தில் அடித்தது. தித்திப்பாக இருந்தது.

செகே வரை கைப்பிடி என் கையில்.
வடம் பெட்டியின் கையில்.
நான் விழுந்தால் படகு போய்க்கொண்டே இருக்கும்,
பெட்டி விழுந்தால்தான் நிற்கும்.
வேகோவிடம் இதைச் சொன்னேன்.
எஞ்சின் சத்தத்தில்
காதில் விழாததுபோல் இருந்துகொண்டார்.