கடைத்தெலுங்கு

வியாழக்கிழமை. திருத்தணி அரசு மருத்துவமனை,
பதினான்காம் எண் அறை.
நூர்ஜஹான் மேடம் கேட்டார்:
"உங்களை நீங்களே திட்டிக்குவீங்களே,
அது எந்த மொழியில?"

எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்பார்கள்,
பசிக்கிறதா என்பார்கள்,
இதை யாரும் கேட்டதில்லை.
மின்விசிறியைப் பார்த்தேன்.
தமிழ்தான் மேடம். வேறெது?

பொதட்டூர்பேட்டைத் தமிழ்.
தறிச்சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்று
கத்திக் கத்தியே முற்றிப்போன தமிழ்.
'மூதேவி, உனக்கெல்லாம் எதுக்குடி ஒரு பிள்ளை'
என்று சொல்லும்,
இரவு இரண்டு மணிக்கு,
ஒரு எழுத்தும் பிசகாமல்.

சுஜனாவை நான் அறைந்தது ஒரே முறை.
கணக்கில் பதினோரு மார்க்.
அன்றைக்கென்று ஜெராக்ஸ் மெஷினுக்கு மை நிரப்பியிருந்தேன்.
மூன்று விரல் கறுப்பாய் விழுந்தது கன்னத்தில்.
மை ஒரு சோப்புக்குப் போய்விட்டது.
அப்புறம் அவள் என்னோடு பேசியதெல்லாம்
பஸ் டிக்கெட்டில் அடங்கும்.

"தெலுங்கு தெரியுமா?"
கட்டிக்கொண்டு நகரிக்கு வந்து பதினாறு வருடம்,
தெரியாமல் இருக்குமா.
ஆனால் என்னுடையது கடைத்தெலுங்கு மேடம்.
எம்.ஆர்.ஓ. ஆபீஸுக்கு எதிரே
ஆதாருக்கும் பட்டாவுக்கும் நகலெடுத்து நகலெடுத்துக் கற்றது.
அதில் எனக்குக் கோபப்பட வராது.
'அண்டி' போடாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க வராது.
"அப்படின்னா இந்த வாரம்
அதுலயே திட்டிப் பாருங்க."

பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்தது.
இதற்கா அரை நாள் கடையடைத்தேன்?

சனிக்கிழமை வந்தது அது,
வழக்கம்போல் இரண்டு மணிக்கு, மூன்று விரலோடு.
தெலுங்கில் துழாவினேன்.
மூதேவிக்குச் சொல் அகப்படவில்லை.
அகப்பட்டதெல்லாம்
சில்லர லேதண்டி,
கரெண்ட் போயிந்தண்டி,
கொஞ்செம் ஆகண்டி.
கடைசியில் வாயில் வந்தது,
ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டே
தினம் சொல்வது:
மூசேசாமண்டி.
கடை மூடியாச்சுங்க.

போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.
கொஞ்ச நேரம் நின்றது,
கையில் ஒரிஜினலை வைத்துக்கொண்டு
போவதா இருப்பதா என்று தெரியாத ஆளைப்போல.
செவ்வாய்க்கிழமை மறுபடி தமிழிலேயே வந்து
விடியவிடிய வைதது.
அதையும் மேடத்திடம் சொன்னேன்.

ஒரு காலை, ஜடை பின்னும்போது
சுஜனாவின் உச்சி வகிட்டைப் பார்த்துச் சொன்னேன்:
தப்பு அயிபோயிந்தண்டி.
அவள் திரும்பினாள். பின்னல் அவிழ்ந்தது.
"பெத்த பொண்ணை யாராவது
'அண்டி' போட்டுப் பேசுவாங்களாம்மா?"
ஆறு வாரத்தில் அவ்வளவு நீளமாய்
அவள் என்னிடம் பேசியதில்லை.

முனிரத்தினத்துக்கு வேறு கணக்கு.
நான்கு தறியில் இரண்டு அடமானத்தில்.
நடு ராத்திரி முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு
தெலுங்கில் தன்னைத்தானே அரைத்துக்கொள்வார்.
எந்துக்கு புட்டானோ,
நான் எதுக்குப் பொறந்தேனோ.
அது அவர் தாய்மொழி.
அதில் அவருக்கு எல்லா வசவும் தெரியும்.

தமிழில் திட்டிக்கோயேன், என்றேன்.
அவர் தமிழ் என்னிடம் கற்றது,
இந்த வீட்டைத் தாண்டாதது.
வெகுநேரம் சத்தமில்லை.
ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில்
ஏதோ கூட்ஸ் நின்று, பெருமூச்சுவிட்டு, கிளம்பியது.
பிறகு இருட்டில்,
தனக்குத்தானே, தயங்கித் தயங்கி,
"சாப்ட்டியா?"

"இல்ல" என்று பதிலும் அவரே.

மணி இரண்டரை.
குண்டானில் தண்ணீர் ஊற்றிய சோறு இருந்தது.
விளக்கு வெளிச்சத்துக்குச் சுஜனாவும் எழுந்து வந்தாள்.
ஊறுகாய் எங்கே என்று கேட்டாள்,
எந்த மொழியில் என்று
இப்போது ஞாபகமில்லை.