கலிங்கு

காலை ஆறு மணிக்கு ஓர் எண்ணைப் படிப்பது என் வேலை.
வெள்ளை எனாமல் பலகை, கறுப்பு எழுத்து.
பாசி ஏறிவிட்டால் ஏழும் ஒன்றும் ஒரே சாயல்.
மூங்கில் கழியால் வழித்துவிட்டுப் பார்ப்பேன்,
போனில் சொல்வேன்.
மறுநாள் அது செய்தித்தாளின் ஒரு மூலையில் இருக்கும்,
தங்க விலைக்குப் பக்கத்தில்.

விஹார் ஏரி.
மும்பைக்குள் இருக்கிறது என்றால் யாரும் நம்புவதில்லை.
தேக்கும் மூங்கிலும் மூன்று பக்கம்.
கரைமேல் ஈரமண்ணில் சில காலைகளில்
விரல் விரித்த சுவடு, நகம் பதியாமல்.
அது போனபின்தான் நான் வருவேன்,
அதற்கும் எனக்கும் அப்படியொரு ஷிஃப்ட்.

மேற்கே குகைகளில், மலையைக் குடைந்து
தொட்டி வெட்டியிருக்கிறார்கள் துறவிகள்.
ஒரு மழைக்காலத்தை அடுத்த மழைக்காலம் வரை
ஓட்டத் தெரிந்தவர்கள்.
அப்புறம் நெடுங்காலம் காடு மட்டும்.
அப்புறம் கப்பலில் வந்தவர்களுக்குத் தாகம்.
தீவுக் கிணறுகள் உப்புக் கரித்தன,
இங்கே பள்ளத்தாக்கின் வாயை மண் போட்டு மூடினார்கள்.
போட்ட மண்ணுக்குக் கணக்கு இருக்கிறது.
சுமந்த தலைகளுக்கு
எந்த அலமாரியிலும் நான் பார்க்கவில்லை.

காவலுக்கு இருக்கும் லாட்க்யா, வார்லி,
தண்ணீரின் நடுவே கை நீட்டுவான்:
அங்கே எங்கள் களம்.
கோடையில் நீர் இறங்க இறங்க
அவன் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிடுவான்.
இறங்கி இறங்கி ஒரு நாள்
களம் அங்கே இல்லையென்று தெரிந்துவிட்டால்?

எதிர்க்கரையில் சினிமாக்காரர்கள்
அட்டைக் கோயிலுக்குத் தீ வைப்பார்கள்.
முதலை ஒரு முறை தலையைத் தூக்கும்.
இரண்டாம் டேக்குக்குத் தூக்காது.

ஏரி நிரம்பி வழியும் இடத்தை
இங்கே சாண்ட்வா என்பார்கள்.
என் வாயில் கலிங்கு என்றுதான் வரும்.
அதைத் தாண்டியதும் தண்ணீருக்குப் பெயர் மாறும், மித்தி.
மராத்தியில் அணைப்பு, இந்தியில் இனிப்பு,
தாராவியில், எங்கள் சந்தில், வெறும் நாலா.
விமான ஓடுபாதைக்கு அடியில் குனிந்து,
குர்லாவில் எண்ணெய் பூசி,
எங்கள் முதுகுச் சுவரை உரசி
மாஹிம் கழியில் போய் விழும்.

எங்கள் குழாயில் வருவது இந்த ஏரி இல்லை.
அது எங்கோ தூரத்துத் தண்ணீர், காலை ஐந்துக்கு, நாற்பது நிமிடம்.
குடிக்க என்று இந்த ஏரி எங்களிடம் வந்ததில்லை.
மிஞ்சினால்தான் வரும்.

அந்த ஜூலையில் மதியம் மூன்று மணிக்கு
வானத்துக்கும் ஏரிக்கும் நடுவே கோடு இல்லை.
பலகை முழுதும் முங்கிவிட்டது.
போனில் கத்தினேன்: கலிங்கு போகுது.
அந்தப் பக்கத்தில் இருந்தவருக்கு என் சொல் புரியவில்லை.
சாண்ட்வா, சாண்ட்வா என்றேன்.
அரே வா, இந்த வருஷம் கவலையில்லை என்றார்.
அதற்குப் பின் லைன் இல்லை.

இரண்டாம் நாள் நடந்தே வீடு சேர்ந்தேன்.
மார்பளவு இருந்து வடிந்திருந்தது.
செல்வமேரி பரணில் உட்கார்ந்திருந்தாள்,
மடியில் மிக்ஸி, ரேஷன் அட்டை,
யாருடையதோ ஒரு சேவல்.
அழவில்லை. என் காக்கிச் சட்டையைப் பார்த்தாள்.
"உன் ஏரி வந்துட்டுப் போச்சு" என்றாள்.

நான் செய்த முதல் காரியத்தை
இன்றுவரை அவள் மன்னிக்கவில்லை.
சுவரில் இருந்த சேற்றுக் கோட்டை
தரையிலிருந்து அளந்தேன்.
நாலடி ஏழங்குலம்.
ஏழுதானா என்று விரலால் வழித்துவிட்டு
மறுபடி அளந்தேன்.

மூன்று முறை சுண்ணாம்பு அடித்தாயிற்று.
ஆகஸ்டு வந்தால் கோடு மேலே வரும்.
அதில் அவள் இப்போது காலண்டர் மாட்டுகிறாள்.

பதிவேட்டில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு,
பெரும்பாலும் காலி.
ஒரு முறை சிறுத்தை என்று எழுதி
மேலிடத்தில் திட்டு வாங்கினேன்.
இன்று மழை தொடங்கியிருக்கிறது.
கலிங்குக்கு இன்னும் ஒரு முழம்.
லாட்க்யா டீ கொண்டுவருகிறான்.
செல்வமேரிக்கு முதலில் போன் போடுகிறேன்,
மிக்ஸியை மேலே ஏத்து என்று.
அப்புறம்தான் ஆபீசுக்கு.