ஃப்ளீட்வுட், பிப்ரவரி 1972

ஹார்க்ரீவ்ஸ் மீன் பசைக் கம்பெனி
எட்டுப் பேருக்கு அழைப்புக் கடிதம் போட்டது.
ஏழு பேர் வந்தார்கள்.
எட்டாமவருக்குப் பல்வலி.
அதற்கும் ஒரு கடிதம் வந்தது,
சபைக் கூடத்தின் கதவில் ஒட்டினோம்.

நான் புள்ளிப் பலகைக்காரி.
இருபதுகளுக்கு ஒரு முள், ஒன்றுகளுக்கு ஒரு முள்.
ஒரு இரவுக்கு ஒன்றரை பவுண்டு,
போக, தேநீர்.

இறுதி ஆட்டம், கடைசி ஃபிரேம்.
எம்லின் ப்யூ ஐம்பத்து நாலு.
கிளிஃபோர்ட் ஆர்மராட் ஐம்பத்து இரண்டு.
மேசையில் நீலம், பிங்க், கறுப்பு.
ப்யூ குனிகிறார்,
தாடை கியூவில் படிகிறது,
நூற்று இருபது பேர் இருமலை விழுங்குகிறார்கள்.

மின்சாரம் போயிற்று.

ஒன்பது மணிக்கு என்றுதான் செய்தித்தாளில் போட்டிருந்தது.
கால் மணி முன்னாலேயே.
பின்வரிசையில் ஒருவன் கத்தினான்:
"ப்யூ, உன் தம்பிகளிடம் சொல்லேன்
கொஞ்சம் கரி வெட்டச் சொல்லி!"
சிரிப்பு.
மூன்று தம்பிகளும் ரோண்டாவில்
சுரங்க வாசலில் நெருப்பு மூட்டி நிற்கிறார்கள்,
ஆறாவது வாரம்.
அவரும் பதினான்கு வருஷம் கீழே இருந்தவர்தான்.

அவர் பதில் சொல்லவில்லை.
"யாரும் அசையாதீங்க" என்றார்,
இருட்டோடு பேசிப் பழகிய குரலில்.

அசையவில்லை.
சிகரெட்டுகள் மட்டும்.
இழுக்கும்போது எரிந்து, விட்டால் மங்கி,
மேசைக்கு வெளியே
எண்ண முடியாத சிவப்புப் பந்துகள்,
யார் கியூவுக்கும் எட்டாதவை.

அப்போதுதான்
டிக்.

சின்னச் சத்தம்.
கோப்பையில் கரண்டி படுவதைவிடச் சின்னது.

நான் பார்த்தேன்.
முன்வரிசைக்காரர் ஒருவர் புகையை ஆழ இழுத்தார்,
அந்த வெளிச்சத்தில்
மேசை விளிம்பில் ஊன்றியிருந்த
ஒரு வெள்ளைக் கையுறை.
நடுவர் பர்ட்விசிலுக்கு அறுபத்தேழு வயது.
முழங்கால் சரியில்லை.
நிற்கப் பிடிமானம் தேடியிருப்பார்.

துறைமுகத்துப் பையன்கள் ஓடிப் போய்
இழுவைப் படகுகளின் விளக்குகளைக் கொண்டு வந்தார்கள்.
ஆறு விளக்கு. மண்ணெண்ணெய், ஹேடாக் வாசனை.
மேசைக்கு மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதும்
ஒவ்வொரு பந்துக்கும் ஆறு நிழல்.
நீலம்
ஒரு பென்னி அகலம் நகர்ந்து கிடந்தது.

பர்ட்விசில் அதைப் பார்த்தார்.
பிறகு தன் கையை.
வாயைத் திறந்தார்.

"என் சட்டைக் கை" என்றார் ப்யூ.

அவர் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றார்.
நீலம் அந்தப் பக்கம்.
சட்டைக் கை முழங்கைவரை சுருட்டியிருந்தது.

ஆர்மராட் தன் கியூ நுனிக்குச் சாக் தடவினார்,
தடவிக்கொண்டே இருந்தார்,
நீலத்தூள் அவர் ஷூவில் உதிர்ந்தது.
கூடத்தில் யாரும் யாருடைய கையையும் அளக்கவில்லை.

"ஃபவுல். ஐந்து."
பர்ட்விசிலின் குரல் அது என்று
சொன்னால்தான் தெரியும்.

முள்ளை நகர்த்தினேன்.
ஐம்பத்தேழு.

மற்றதைச் சொல்ல ஒன்றுமில்லை.
நடுவர் நீலத்தைப் பழைய இடத்தில் வைத்தார்,
இரண்டு விரலால், சூடான முட்டையை வைப்பதுபோல.
ஆர்மராட் அதைப் போட்டார்.
படகு வெளிச்சத்தில் வெள்ளையாய்த் தெரிந்த பிங்க்கையும் போட்டார்.
அறுபத்தெட்டு.
ப்யூ கை நீட்டினார்.
கறுப்பு தொடப்படாமல் நின்றது.

இருநூறு பவுண்டு ஜெயித்தவருக்கு.
தோற்றவருக்கு அறுபதும்
ஒரு பெட்டி மீன் பசையும்.

பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன்,
கியூ உறை ஒரு தோளில், பெட்டி மறு தோளில்.
"நானும் பார்த்தேன்" என்றேன்.

"பிரெஸ்டனுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"
என்று கேட்டார்.
பத்து நாற்பது, சொன்னேன்.
தெரு முழுக்க இருட்டு. கடல் மட்டும் சத்தம் போட்டது.
பெட்டியைக் கிழித்து
ஒரு பாட்டிலை என் கோட்டுப் பையில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டோஸ்ட்டில் தடவித் தின்றேன்.
உப்பு அதிகம்.