ஷாடி

கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால்
எங்கள் குடோன்.
மே மாதம், மட்ட மத்தியானம்,
தகரக் கூரைக்குக் கீழே
பனி தேசத்துக் கோட்டுகளை
மலை மலையாய்க் கொட்டுவார்கள்.
நான் பில் எழுதுகிறவன்.
'ஷாடி, சிவப்பு, நாற்பது பேல்.'
ஒன்பது வருஷமாக
எனக்கு அது ஒரு சரக்கின் பெயர்.
துவரம்பருப்பு மாதிரி.

பிலோமினாக்கா பட்டன் அறுப்பாள்.
ஜம்ரூத் ஜிப் பிடுங்குவாள்.
மங்கத்தாயாரு லைனிங்கை உரிப்பாள்,
முயல் தோல் மாதிரி, ஒரே இழுப்பு.
பாக்கெட்டில் எப்போதாவது
ஒற்றைக் கையுறை,
ஒட்டிப்போன மிட்டாய்.
பிறகு லாரியேறி வடக்கே போகும்.
அங்கே மிஷினில் நார்நாராய்க் கிழித்துத்
திரும்ப நூலாக்கிக்
கம்பளி நெய்கிறார்கள்.

போன ஐப்பசியில்
எங்கள் பிளாக் மூன்றாம் மாடியில்
சீலிங் பேர்ந்து விழுந்தது,
நான் படுத்திருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி.
இன்ஜினியர் வந்தார்.
சுவரை விரலால் சுரண்டினார், மணல் கொட்டியது.
"ஷாடி வொர்க்" என்றார்.
"சுவருல ஏது சார் கம்பளி?"
கேட்டேவிட்டேன்.
அவர் பார்த்த பார்வையில்
நின்ற இடத்திலேயே ஒரு மாடி இறங்கினேன்.

ராத்திரி போனில் தேடினேன்.
முதலில் சரக்கின் பெயராகத்தான் இருந்திருக்கிறது.
எவனோ புதுக் கம்பளி என்று சொல்லி விற்க,
எவனோ ஒரு பட்டாளத்துக்காரன் கோட்டு
முதல் மழையிலேயே நைந்துபோக,
பெயர் வசவாகிவிட்டது என்கிறார்கள்.
பொய் சொன்னவன் பெயர் எங்கேயும் இல்லை.
கந்தல் மாட்டிக்கொண்டது.

உரிச்சொல் என்று பள்ளிக்கூடத்தில்
ஏதோ நடத்தினார்கள், மறந்துவிட்டது.
பட்டனை, ஜிப்பை, லைனிங்கை
உரித்தபின் மிஞ்சுகிற சொல்லோ என்னவோ.

சிமெண்டைத் தின்றவனுக்கு
எங்கள் தெருவில் ஏழெட்டு வார்த்தை உண்டு.
பிலோமினாக்கா மூச்சுவிடாமல் சொன்னாள்.
ஒன்றில்கூடக் கம்பளி இல்லை.

கார்த்திகையில் தண்ணீர் ஏறி
கார்ப்பரேஷன் ஸ்கூலில் தங்கவைத்தார்கள்.
ஆளுக்கொரு கம்பளி.
சாம்பல் நிறம், நடுவே எங்கேயோ ஒரு சிவப்பு இழை.
ஜம்ரூத் முகர்ந்து பார்த்து
"நம்ம சரக்கு" என்றாள்.
குத்தியது. டீசல் வாடை வேறு.
அவள் குழந்தை அதில் சுருண்டு
விடியும்வரை அசையவில்லை.

குடோன் திறந்த அன்று
முதல் பில்லில் எழுதினேன்:
'ஷாடி, முதல் தரம்.'
முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.
"தரம் எதுக்குய்யா,
எடையைப் போடு."