ஐம்பதாம் பக்கம்

செவ்வாய்ப்பேட்டை பச்சியண்ணன் கடையில்
இரும்புக்கு ஒரு விலை, பீர் பாட்டிலுக்கு ஒரு விலை,
புத்தகம் என்றால் அட்டையைக் கிழித்துவிட்டுத்தான் எடை.
கிழிக்காதீர்கள் என்று
மூன்று வருடமாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.
"ஏற்காட்டுல ஒரு பங்களாவைக் காலி பண்ணாங்க,
உங்க சரக்கு ஒண்ணு கிடக்கு"
என்று சனிக்கிழமை போன்.

மலைமாட்டு வைத்திய விளக்கம். விலை அணா ஆறு.
எனக்குப் பதினைந்து ரூபாய்.
உள்ளே ஊதா மையில்:
சி. அர்த்தனாரி, இரண்டாம் குமாஸ்தா, 1913.

முகர்ந்தேன்.
ஜவ்வரிசி ஆலையில் நாளெல்லாம்
மாவின் புளிப்பைச் சோதித்து மரத்துப்போன மூக்கு;
பழைய தாளுக்கு மட்டும் விழித்துக்கொள்கிறது.
ஈரச் சாக்கு, கொஞ்சம் வசம்பு, காப்பித் தூசி.

நாற்பத்தெட்டு வரை அர்த்தனாரி
பேனாக்கத்தியால் மடிப்பைப் பிரித்திருக்கிறார்.
அவசரக் கை; ஓரமெல்லாம் பிசிறு.
அதற்கப்பால்
அச்சகத்தில் மடித்தது மடித்தபடி.

சென்னை வியாபாரி தாமோதருக்குப் படம் அனுப்பினேன்.
"மேடம், கத்தி வைக்காதீங்க.
அப்படியே இருந்தா எட்டாயிரம்.
பிரிச்சீங்கன்னா ஆயிரத்துக்கு மேல பேசமாட்டேன்."
எட்டாயிரம்.
மிக்சி மாற்ற வேண்டியிருக்கிறது.

மூன்று இரவு மடிப்புக்குள் எட்டிப் பார்த்தேன்,
குழாய்க்குள் விழுந்த சாவியைத் தேடுவதுபோல்,
செல்போன் வெளிச்சத்தில், கழுத்து வலிக்க.
கிடைத்தவை பாதிச் சொற்கள்.
"...ளம்பின் இடுக்கில்..."
"...அந்தி நேரத்தில் மட்டும்..."
அந்தி நேரத்தில் மட்டும் என்ன?

நாற்பத்தொன்பது மடிப்பின் வெளிமுகம்,
கத்தி இல்லாமலே வாசிக்கலாம். கடைசி வரி:
"வாய்ப்புண்ணும் காய்ச்சலும் கண்டு மாடு படுத்துவிடின்"
மீதி அடுத்த பக்கத்தில்.

படுத்த மாட்டை விட்டுவிட்டு
எங்கே போனார் மனிதர்?
எழுந்துவிட்டதா அது? செத்ததா?
மாற்றலாகி மலையிறங்கிவிட்டாரா?

புதன் இரவு
மலைப்பக்கம் மின்னிக்கொண்டிருந்தது.
வெண்ணெய் தடவும் கத்தியை எடுத்தேன்;
கூர் அதிகமிருந்தால் மடிப்பை விட்டு ஓடும்.
தாள் பிரிந்த சத்தம்
வெங்காயச் சருகு நகர்ந்ததுபோல் இருந்தது.
உள்ளே வெள்ளை. அத்தனை வெள்ளை.
தொட்டால் விரலில் மை ஒட்டுமோ என்று
கையை இழுத்துக்கொண்டேன்.

"மிளகு       பலம் எடுத்து
வேலிப்பருத்திச் சாற்றில் அரைத்து
அந்தி நேரத்தில் மட்டும் புகட்டவும்.
இதற்கும் கேளாவிடில் ஈசன் சித்தம்."

மிளகுக்கும் பலத்துக்கும் நடுவே ஒரு துளை.
வெளிமுகத்தில் இரண்டு வரிக்கிடையே விழுந்ததால்
நான் கவனிக்கவில்லை.
பின்னட்டையில் நுழைந்து, கத்தி கேட்காமல்,
விலை கேட்காமல்,
எனக்கு முன்பே ஒரு புழு இங்கே வந்து
எண்ணைத் தின்றுவிட்டு நின்றிருக்கிறது.
ஆலை மாவைக் காய்ச்சித்தான்
புத்தகங்களுக்கு முதுகு ஒட்டுகிறேன்.
அதே மாவுக்குத்தான் பூச்சிகளும் வருகின்றன.
ஒரே பந்தி.

"பிரிச்சிட்டேன்" என்றேன் தாமோதரிடம்.
வெகுநேரம் லைனில் சத்தமில்லை.
பிறகு, "என்னதான் போட்டிருக்கு?"
வாசித்தேன். இரண்டு தடவை கேட்டார்.
"அந்த ஓட்டை எவ்வளவு பெரிசு?"

விலையைக் குறைக்கவா,
மிளகைக் கணக்குப் போடவா, தெரியவில்லை.

"ஒற்றை எண் நுழையும்" என்றேன்.
"இரண்டு இலக்கம் நுழையாது."