கோல்கீப்பரின் ஒயின்

சனிக்கிழமைகளில் நான் ஊற்றிக் கொடுக்கிறவள்.
வாஸ்தோ சூப்பர்மார்க்கெட்டில், மீன் பகுதிக்கும்
சலவைத்தூளுக்கும் நடுவே ஒரு மடக்கு மேசை.
புட்டியின் கழுத்தில் விலை: ஆறு யூரோ தொண்ணூறு.
வயிற்றில் ப்ருஸ்கெல்லியின் கையெழுத்து,
ஒரு காலத்தில் கோல் காத்த கை.
'அவரே தோட்டத்துக்கு வந்து சுவைத்துத் தேர்ந்தது'
என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.
மூன்று மணிக்கு மேல் சொல்வதை விட்டுவிடுவேன்.

செத்திமியோ வந்தார். கண்ணாடித் தொழிற்சாலையில்
முப்பது வருடம் வெந்த முகம்.
லேபிளைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து
இன்னொரு முறை படித்தார்.
"இவனா?
தவழ்ந்து வந்த பந்து அது, சின்னோரீனா.
என் மாமியார் பிடித்திருப்பாள்."

அந்த வருடம் நான் பிறந்திருக்கவில்லை.
விரற்கடை அளவு ஊற்றி நீட்டினேன்.

முதல் வாயைத் துப்பத்தான் வைத்திருந்தார்.
துப்பவில்லை.
கறுப்புச் செர்ரி, அப்புறம் ஒரு துவர்ப்பு,
நாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு
இறங்க மறுக்கிற துவர்ப்பு.
மீன்காரன் ஐஸை அள்ளிக் கொட்டும் சத்தம்.
காகிதக் கோப்பையை மறுபடி நீட்டினார்,
என் முகத்தைப் பாராமல்.

"திராட்சை என்ன பாவம் செய்தது" என்றார்.

ஒரே ஒரு புட்டி.
கையெழுத்தின் மேல் தொப்பியைக் கவிழ்த்து
கல்லா வரை தூக்கிப்போனார்.
ஆனால் கோடுகளைத் தேடி நிக்கொலெத்தா
தொப்பியை எடுக்கத்தானே வேண்டும்,
வரிசை முழுக்கப் பார்த்தது.
ஏழு யூரோ வைத்தார். மீதியை வாங்கவில்லை.

"அந்தப் பத்து சென்ட்டை அவனிடம் கொடுங்கள்,
கையுறை வாங்கட்டும்."