ரொட்டிக் கத்தி

கடைசிப் பாகத்தின் விலை இருநூற்று முப்பது குரோன்.
என்னிடம் நூற்றுப் பத்து. மீதி கெர்லியிடம்.
எண்ணூற்றுப் பதினாறு பக்கம், ஒரே ஒரு பிரதி.
யார் முதலில் என்று பேருந்து நிலைய பெஞ்சில்
கையுறை கழற்றாமல் ஒரு மணி நேரம் சண்டை.
பிறகு அவள்தான் சொன்னாள்:
வெட்டிவிடலாம்.
பாதி எஸ்டோனியா, பாதி லாத்வியா என்று
வல்கா ஊரையே வெட்டியிருக்கிறார்கள்,
புத்தகம் எம்மாத்திரம்.

கறுப்பு ரொட்டி அறுக்கும் கத்தி, பல் வைத்தது.
முதுகுப் பசை முறிந்த சத்தத்தில்
கண்ணை மூடிக்கொண்டேன்.
நானூற்று எட்டாம் பக்கம் ஒரு வாக்கியத்தின் நடு என்பதை
இருவருமே பார்க்கவில்லை.
நாணயம் சுண்டினோம். மூன்று சிங்கங்கள் மேலே விழுந்தன.
முன்பாதி எனக்கு.

சொல்லியாக வேண்டும்,
நாங்கள் சும்மா படிக்கிறவர்கள் இல்லை.
பூட்டுகளோடு பேசும் வெரேனுக்காக
ஜன்னல் திரையை வெட்டி அங்கி தைத்து அடி வாங்கியவர்கள்.
மூன்றாம் பாக வரைபடத்தில்
ஆறு மேட்டைப் பார்த்து ஓடுகிறதென்று
பதிப்பாளருக்கு எழுதி, பதிலாக
ஒரு புத்தகக்குறி பெற்றவர்கள்.
லாத்விய மொழியில் முன்பே வந்துவிட்டதாம் என்று கேட்டு
கடவுச்சீட்டோடு எல்லை தாண்டி நடந்தோம்.
என்ன காரியமாக, என்றார் காவலர்.
அட்டைப்படம் பார்க்க, என்றோம்.
புரியாத மொழியைப் புரட்டி
வெரேன் பெயரை மட்டும் விரலால் தொட்டு எண்ணினோம்.
கடைசி அத்தியாயத்தில் பதினொன்று.
உயிரோடுதான் இருக்கிறாள், என்றாள் கெர்லி.
செத்தவளைப் பற்றியும் பதினொரு முறை பேசலாம், என்றேன்.
திரும்பும் வழியெல்லாம் அவள் பேசவில்லை.

பிறகு நடந்தது என் தப்பு.
தீர்ந்துவிடுமே என்று நாளுக்குப் பத்துப் பக்கம்தான் படித்தேன்.
பின்பாதியைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு
அவள் தினமும் கேட்பாள்: எத்தனை?
நாற்பது. தொண்ணூறு. நூற்று முப்பது.
ஒரு வரிகூடத் திருடவில்லை,
வெரேன் மேல் சத்தியம் செய்திருந்தாள்.

நூற்று அறுபதில்
அவள் அம்மாவுக்கு தூர்க்குவில் வேலை கிடைத்தது,
ஹோட்டல் அறைகள் துப்புரவு.
வியாழன் செய்தி. சனி பேருந்து.
மூட்டை கட்டிய அவசரத்தில்
தலையணையும் கப்பலேறிவிட்டது.

வழி என்னிடம்.
போய்ச் சேரும் ஊர் அவளிடம்.

என் பாதி இப்படி முடிகிறது:
வெரேன் கடைசிக் கதவில் கை வைத்தாள், அது
அவ்வளவுதான். கீழே ஒரு ரொட்டித் துகள்.
அது, அது, என்றபடியே பல் தேய்த்தேன்.
வேதியியல் தேர்வுத் தாளில்
ஒரு விடையை அது என்று தொடங்கி
அப்படியே விட்டேன்.

நூலகத்தில் ஒரு பிரதி உண்டு.
வரிசையில் முப்பத்தெட்டாவது நான்.
ஏப்ரலில் முறை வந்தது.
நூலகர் முத்திரையை மையில் ஒற்றியபோது
எனக்குப் பின்னால் நின்ற, சளி பிடித்த பையனிடம்
நீயே எடுத்துக்கொள் என்றேன்.
ஏனென்று சரியாகத் தெரியாது.
பசி இருந்தது.
ஆனால் அது வேறு வீட்டுச் சாப்பாடு.

மே மாதம் ஓர் உறை, பின்லாந்து தபால்தலை.
உள்ளே சோப்பு வாசத்தோடு ஒரே ஒரு தாள்:
நானூற்று ஒன்பது, பின்புறம் நானூற்றுப் பத்து.
ஓரத்தில் பென்சில் கிறுக்கல்.
பார்க்காமல் கிழித்தேன், சத்தியம்.
நீ ஒன்றாம் பக்கத்திலிருந்து அனுப்பு. வாரத்துக்கு ஒரு தாள்.

கணக்கு வகுப்பில் கணக்குப் போட்டேன்.
எனக்கு இருநூற்று நான்கு வாரம்.
அவள் பாதி அவளுக்கே திரும்பிப் போக
இன்னொரு இருநூற்று நான்கு.
அவள் முடிக்கும்போது இருபத்து மூன்று வயதாகியிருக்கும்.
தபால்தலைக் காசில் பத்துப் புத்தகம் வாங்கலாம்.

அன்று மாலையே
முதல் தாளைக் கிழித்தேன்.

அந்தக் கதவு என்ன ஆயிற்று என்று
உங்களிடம் சொல்ல மாட்டேன்.
வரிசையில்
கெர்லி முன்னால் நிற்கிறாள்.